சந்தையில் வாங்கும் குளத்து மீனும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் நுண்ணுயிரியல் படித்தவள் நான், வேலையும் ஆய்வகத்தில்தான். ‘ஏரி மீனில் சூப்பர் கிருமி’ என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது சுற்ற ஆரம்பித்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்லாவோ ஜிலேபியோ வாங்கிவந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டவை.

மீனில் இருப்பது மருந்தா, கிருமியா? ஒன்றும் புரியவில்லை.

மூன்று விஷயங்களை எல்லோரும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறார்கள். பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, மருந்து எச்சம். வளர்க்கும்போது கொடுத்த ஆன்டிபயாடிக் மீனின் தசையில் மிச்சமாகத் தங்கியிருப்பது. இரண்டு, மருந்துக்கு மசியாத பாக்டீரியா. அது உயிருள்ளது, பெருகக்கூடியது. எச்சம் துளிகூட இல்லாத மீனிலும் அது இருக்கலாம். மூன்று, ஃபார்மலின். மீன் கெடாமல் இருக்க வியாபாரத்தில் யாரோ கலப்பது. 2018-இல் கேரளத்தில் லாரி லாரியாகப் பிடிபட்டதே, அது இந்த மூன்றாவது ரகம். ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

மீனுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்? அது என்ன காய்ச்சல் மாத்திரையா?

இந்தியாவில் 2022-23-இல் கிடைத்த மீன் சுமார் 175 லட்சம் டன். அதில் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து வந்தது. நான்கில் மூன்று பங்கு கடலைப் பார்க்காத மீன் என்றால் பலர் நம்புவதில்லை. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மீன் குளங்கள். ரோகுவும் கட்லாவும் அங்கிருந்து ஐஸ் பெட்டிகளில் நாடு முழுக்கப் போகின்றன.

குளத்தில் குஞ்சுகளை நெருக்கி விட்டால், தண்ணீர் கெட்டால், கோடையில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் சோர்ந்துபோகும். அப்போது ஏரோமோனாஸ், எட்வர்ட்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் ஏறி உட்காரும். உடம்பில் சிவப்புத் திட்டு, வயிறு வீக்கம், துடுப்பு அழுகல் என்று ஆரம்பித்து நாலு நாளில் கரையோரமெல்லாம் செத்த மீன் மிதக்கும். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர் என்ன செய்வார்? தீவனக் கடைக்குப் போவார். அங்கே ஒரு டப்பா தருவார்கள்.

அந்த டப்பாவில் உள்ளதைத் தவிட்டிலும் கடலைப் பிண்ணாக்கிலும் பிசைந்து போடுகிறார்கள். நோய் வந்த மீன் முதலில் நிறுத்துவது சாப்பாட்டை. ஆக, மருந்தைத் தின்பது பெரும்பாலும் நன்றாக இருக்கும் மீன்தான். அதுவும் தின்றதையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதில்லை. அதிகம் புழங்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளினைக் கெண்டை இன மீனின் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சும். மிச்சமெல்லாம் கழிவோடு சேற்றுக்குப் போகிறது. வைத்தியம் பார்த்தது மீனுக்கு, மருந்தில் ஊறியது குளம்.

இதில் எனக்கு ஆற்றாமை வேறு ஒன்று. விராலுக்கும் கெண்டைக்கும் வருகிற புண் நோய்க்குக் காரணம் அஃபனோமைசிஸ் என்கிற பூஞ்சை போன்ற உயிரி. மீன் பேன் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஒட்டுண்ணி. திலாப்பியாவை, அதாவது ஜிலேபியை, கொத்துக் கொத்தாகக் கொல்லும் ஏரி வைரஸ் பெயரிலேயே வைரஸ். இந்த மூன்றில் எதற்கும் ஆன்டிபயாடிக் கேட்காது. ஆனாலும் மூன்றுக்கும் அதே டப்பாதான்.

எங்கள் ஊர் ஏரியில் யாரும் மருந்து போடுவதில்லையே. அந்த மீன் பரவாயில்லையா?

போடாவிட்டாலும் வரும். ஏரிக்குள் எது எது வந்து விழுகிறது என்று பாருங்கள். ஊர்ச் சாக்கடை, ஆஸ்பத்திரிக் கழிவு நீர், கோழிப் பண்ணை எரு. மீன் குளத்துக்கு மேலேயே பரண் கட்டிக் கோழி வளர்ப்பதும் உண்டு. கோழியின் கழிவு நேராகத் தண்ணீரில் விழுந்து உரமாகும், தீவனச் செலவு மிச்சம். சிக்கனமான யோசனைதான், ஆனால் கோழித் தீவனத்தில் மருந்து இருந்தால் அதுவும் சேர்ந்தே விழும். 2014-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர்ப் பகுதியில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது.

இதைவிட மோசமான கதை ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில். மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். சுத்திகரித்த பிறகு இந்த அளவு!

2011-இல் வந்த டெல்லி ஆய்வையும் சொல்ல வேண்டும். தெருவில் தேங்கிய, கசிந்த தண்ணீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் 2-இலும் என்டிஎம்-1 என்ற மரபணு இருந்தது. கடைசிக் கையிருப்பாக டாக்டர்கள் வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளையே உடைக்கும் மரபணு அது. அந்த மாதிரித் தண்ணீர் போய்ச் சேரும் நீர்நிலையில் வளரும் மீன் மட்டும் தனியாகப் புனிதமாக இருக்குமா?

கிருமிக்கு இந்த எதிர்ப்பு எப்படி வருகிறது?

மருந்து பட்டதும் பலவீனமானவை சாகும், தற்செயலாகத் தாக்குப்பிடிக்கும் மாற்றம் கொண்ட ஒன்றிரண்டு பிழைத்துப் பெருகும். இது பள்ளிப் பாடம்.

பாடத்தில் அவ்வளவாக அழுத்திச் சொல்லாதது, பாக்டீரியாக்கள் பரீட்சை ஹாலில் பிட் கடத்துவதைப் போல எதிர்ப்பைக் கைமாற்றிக்கொள்ளும் என்பது. அந்த பிட்டுக்குப் பெயர் பிளாஸ்மிட், ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. மீனின் குடலில் குடியிருக்கும், மனிதரை ஒன்றும் செய்யாத பாக்டீரியாகூட நம் வயிற்றில் வாழும் இ.கோலி பாக்டீரியாவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான விடை சேர்ந்தே இருப்பதும் சகஜம். ஒரு மருந்தை மட்டும் குளத்தில் கொட்டினால்கூட மற்ற நான்குக்கும் எதிர்ப்பு சேர்ந்து வளரும்.

குழம்பு கொதித்தால் எல்லாம் செத்துப்போகாதா?

சாகும். மருந்துக்கு மசியாத கிருமி நெருப்புக்கு மசியும். ஆன்டிபயாடிக்கை ஏமாற்றும் தந்திரத்துக்கும் சூடு தாங்குவதற்கும் தொடர்பில்லை. மீன் துண்டின் நடுவில் 70 டிகிரி செல்சியஸ் ஏறினால் போதும். புளிக்குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது அதைத் தாண்டிப் போகிறது.

வறுவலில்தான் ஏமாறுவோம். தடித்த துண்டைத் தோசைக்கல்லில் அதிகத் தீயில் போட்டால் மசாலா கருகும், முதுகெலும்பை ஒட்டிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பாதி வேக்காட்டில் நிற்கும். சதை வெள்ளையாகி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தால் வெந்தது என்று அர்த்தம்.

மருந்து எச்சத்துக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் சூட்டில் ஓரளவு சிதையும், குளோராம்பெனிகால் அவ்வளவு லேசில் சிதையாது.

அப்படியானால் பயம் எங்கே?

அடுப்புக்கு வருவதற்கு முன்னால். ஆரோக்கியமான மீனின் சதைக்குள் கிருமி ஏறக்குறைய இருக்காது. எல்லாம் தோலின் வழவழப்பிலும் செவுளிலும் குடலிலும். கத்தி குடலைக் கிழித்த நொடியிலிருந்து அது சதைக்கும் கட்டைக்கும் கைக்கும் போகிறது. சந்தையில் மீன் வெட்டும் மரக்கட்டையைப் பாருங்கள். காலை ஐந்து மணியிலிருந்து நூறு மீன் அதன்மேல் கிடந்திருக்கும். வெட்டிய துண்டுகளை முக்கி எடுக்கும் வாளித் தண்ணீர் சிவப்பாகி, பிறகு பழுப்பாகியிருக்கும். கொல்லேறு மீனில் வந்தது உள்ளூர் ஏரி மீனுக்கு மாறும் இடம் அந்த வாளி.

அதே நாடகம் நம் சமையலறையிலும் நடக்கும். மீன் நறுக்கிய அரிவாள்மனையைத் தண்ணீரில் ஒரு காட்டு காட்டிவிட்டு அதிலேயே வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்குகிறோம். மீன் கொதித்துச் சுத்தமாகிவிட்டது, பச்சடி ஆகவில்லை.

வயிற்றுக்குள் போனால் உடனே நோய் வரும் என்றும் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தக் கிருமியோ அதன் மரபணுவோ சத்தமில்லாமல் குடலில் சில வாரம், சில மாதம் தங்கிக்கொள்ளும். பிறகு எப்போதோ சிறுநீர்த் தொற்றோ அறுவைச் சிகிச்சையோ வரும்போது, வழக்கமான மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று டாக்டர் யோசிப்பார். அன்றைக்கு யாருக்கும் ஆறு மாதத்துக்கு முந்தைய வெள்ளரிப் பச்சடி ஞாபகம் வராது.

மஞ்சளும் கல் உப்பும் போட்டு உரசினால் கிருமி போய்விடும் என்கிறார் என் மாமியார்.

மாமியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், உரசட்டும். கல் உப்பு வழவழப்பை எடுக்கும், அதோடு ஒட்டியிருக்கும் கிருமியில் ஒரு பங்கும் போகும். குளத்து மீனின் மண்வாடைக்குக் காரணமான ஜியோஸ்மினைப் புளியும் எலுமிச்சையும் முறிக்கும். வாடை போவதும் கிருமி போவதும் ஒன்றல்ல, அவ்வளவுதான். குழாயை வேகமாகத் திறந்து கழுவினால் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு டம்ளரெல்லாம் மீன் கழுவியதாகிவிடும். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள் கழுவுங்கள். பிறகு கட்டை, கத்தி, தொட்டி மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் காய விடுங்கள்.

பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. செவுள் சிவந்திருந்து, கண் பிதுங்கி, அழுத்தினால் குழி விழாமல் இருந்தால் மீன் புதிது என்று தெரியும். அதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. எதிர்ப்புள்ள கிருமிக்குத் தனி வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

உயிரோடு துள்ளுகிற மீனைக் கண்முன்னே வெட்டி வாங்குகிறேன். அது பாதுகாப்புதானே?

கெட்டுப்போன மீன் இல்லை என்பது உறுதி. கிருமி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. காற்றுக் குமிழி விடும் அந்தத் தொட்டியில் ஐம்பது மீன் நாள் முழுக்கக் கழித்த தண்ணீர் இருக்கிறது, இதமான சூட்டில்.

இஸ்ரேலில் 1996 கோடையில் ஒரு விசித்திரம் நடந்தது. குளத்தில் வளர்த்த திலாப்பியாவை அதுவரை ஐஸில் வைத்து விற்றவர்கள், உயிரோடு விற்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அதைச் சுத்தம் செய்தவர்களுக்குக் கை வீங்கித் தோல் அழுகும் அளவுக்குத் தொற்று வந்தது. 1996, 97 இரண்டு ஆண்டுகளில் 62 பேர். காரணம், விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியாவின் புதிய வகை ஒன்று. மருந்து எதிர்ப்பு அங்கே பிரச்சினையில்லை, கை வழியாக வந்த தொற்று. மீன் மாறவில்லை, விற்கும் விதம்தான் மாறியது. அதனால் உயிர்மீன் வாங்குங்கள், ஆனால் முள்ளோடும் துடுப்போடும் நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம்.

ஐஸில் இருந்தால் கிருமி வளராது அல்லவா?

மெதுவாகும், நிற்காது. ஏரோமோனாஸ் ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலும் வளரும். மசாலா தடவி இரண்டு நாள் வைத்திருந்து வறுத்தால் ருசி கூடும் என்பவர்கள் கவனிக்கவும். மூடிய டப்பாவில், கீழ்த்தட்டில், ஒரு ராத்திரி போதும். அப்புறம் அந்த ஐஸே எந்தத் தண்ணீரில் செய்தது என்பது இன்னொரு கேள்வி.

‘சந்தை மீன்களில் 100 விழுக்காடு எதிர்ப்புக் கிருமி’ என்று செய்தி வருகிறதே, உண்மையா?

எந்தக் கிருமி, எந்த மருந்து என்று பார்க்காமல் அந்த எண்ணைப் படிக்காதீர்கள். ஏரோமோனாஸுக்கு ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எப்போதுமே வேலை செய்ததில்லை. அதை உடைக்கும் நொதி அதன் பிறவிச் சொத்து. மனிதர் கால் படாத மலைச் சுனையில் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். அதைச் சேர்த்து எண்ணி ‘100 விழுக்காடு’ என்று போட்டால் தலைப்பு பயங்கரமாக இருக்கும், விஷயம் இருக்காது. அதே ஏரோமோனாஸ் சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கும் மசியவில்லை என்றால், அப்போது நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இன்னொரு எண்ணும் அடிக்கடி வரும், பன்மருந்து எதிர்ப்புக் குறியீடு. 12 மருந்துகளைச் சோதித்து 5-க்கு மசியவில்லை என்றால் 5-ஐ 12-ஆல் வகுத்து 0.42 என்பார்கள். 0.2-க்கு மேல் போனால், ஆன்டிபயாடிக் அதிகம் புழங்கிய இடத்திலிருந்து வந்த கிருமி என்று கொள்வது 1983-இல் க்ரம்பர்மேன் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு. கச்சாவான கணக்குதான். பிறவி எதிர்ப்பைக் கழிக்காமல் போட்டால் இதுவும் ஏமாற்றும்.

கெளுத்தி முள் குத்திவிட்டது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள்.

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால் நீங்களே தோண்டாதீர்கள். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கெளுத்தி முள்ளின் விஷ வலி அடங்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களும் டயாலிசிஸ், கீமோ எடுப்பவர்களும் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

போனால், ‘குளத்து மீன் முள் குத்தியது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஏதோ குத்திடுச்சு’ என்றால் அவர் சாதாரணப் புண்ணுக்கான அமாக்சிசிலின் எழுதக்கூடும். ஏரோமோனாஸுக்கு அது தண்ணீர் மாதிரி. புண் சரியாகாவிட்டால் சீழை கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. வாரக்கணக்கில் ஆறாமல், வலியில்லாத கட்டியாக நின்றால் அது மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற வேறு பாக்டீரியாவாகவும் இருக்கலாம். அதன் சிகிச்சை வேறு, மாதக்கணக்கில் போகும்.

மீன் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு. மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை போடலாமா?

வேண்டாம். உப்பு-சர்க்கரைக் கரைசல், கஞ்சி, ஓய்வு. பெரும்பாலானவை தானாக நிற்கும். ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, குழந்தை, முதியவர் என்றால் டாக்டர். கடையில் வாங்கிப் போடும் இரண்டு மாத்திரை, குளத்தில் கொட்டும் டப்பா செய்கிற அதே வேலையை உங்கள் குடலில் செய்யும்.

சிங்கப்பூரில் பச்சையாகச் சாப்பிட்டார்களே, என்ன ஆயிற்று?

2015-இல் அங்கே பெருந்தலைக் கெண்டை, விரால் வகை மீன்களைப் பச்சையாகச் சீவிக் கஞ்சியோடு சாப்பிட்டவர்களுக்கு குழு-பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று பரவியது. ரத்தத்திலும் மூட்டிலும் மூளை உறையிலும்கூடப் போனது. அதில் வயதான, நோயுள்ளவர்கள் மட்டுமல்ல, திடமானவர்களும் இருந்தார்கள். அந்த டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதற்கே தடை வந்தது. நம் பக்கம் பச்சை மீன் பழக்கமில்லை. ஆனால் சூஷி என்ற பெயரில் எந்த மீன் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?

இருக்கிறது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான்கள் ஆகிய ஆன்டிபயாடிக்குகளுக்கு மீன் வளர்ப்பில் தடை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்கு, கோழி, மீன் எதிலும் பயன்படுத்தக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடுத்தது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் எச்சம் மீனில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஆனால் பாருங்கள், ஐரோப்பாவுக்குப் போகும் பண்ணை இறாலில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சரக்கைச் சோதிக்க 2016-இல் அவர்கள் விதி போட்டார்கள். பெட்டி திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில் இங்கே குளம்வரை கண்காணிப்பு போனது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் ரோகுவைத் திருப்பி அனுப்ப யார் இருக்கிறார்கள்? அதோடு சட்டம் அளப்பது எச்சத்தை. கிருமியின் எதிர்ப்பை அளந்து மீனை நிறுத்தும் சோதனைச்சாவடி எந்தச் சந்தையிலும் இல்லை.

நான் பண்ணை வைத்திருக்கிறேன். மருந்து போடாமல் எப்படிச் சமாளிப்பது?

நார்வேக்காரர்கள் 1987 வாக்கில் சால்மன் பண்ணைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டினார்கள். தடுப்பூசி வந்தது, இன்றைக்கு உற்பத்தி பல மடங்கு ஏறியும் மருந்து ஒரு டன்னைத் தொடுவதில்லை. நம் கெண்டைக் குளத்துக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. அதனால் பழைய வழிகள்தான்: குஞ்சைக் குறைத்து விடுவது, அறுவடைக்குப் பின் குளத்தைக் காய விட்டுச் சுண்ணாம்பு போடுவது, விடியற்காலை ஆக்சிஜனைக் கவனிப்பது, மிச்சத் தீவனம் அழுகாமல் அளந்து போடுவது. புண் நோய்க்குப் புவனேஸ்வரம் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. மீன் சாகத் தொடங்கினால் கடைக்காரரிடம் போவதற்கு முன் இரண்டு நோயுற்ற மீனை உயிரோடு மீன்வள ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து நாறியதைக் கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

மருந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், உடனே வலை போட்டு விற்றுவிடாதீர்கள். ஐரோப்பாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு 500 ‘டிகிரி நாள்’, அதாவது தண்ணீரின் வெப்பநிலையை நாள் எண்ணிக்கையால் பெருக்கினால் 500 வர வேண்டும். தண்ணீர் 28 டிகிரி என்றால் சுமார் 18 நாள் காத்திருப்பு.

பேசாமல் கடல் மீனுக்கு மாறிவிடலாமா?

கடலில் பிடித்த மீனுக்கு யாரும் மருந்து போடுவதில்லை, அது சரி. அதே ஐஸ், அதே கட்டை, அதே வாளி என்பதும் சரி.

மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

கறிவேப்பிலை மரத்தின் வேரடியில், ரோஜாவுக்கு, தென்னைக்கு ஊற்றுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். பச்சையாகக் கிள்ளிப் போடும் கொத்தமல்லி, புதினாத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். செவுளையும் குடலையும் மதிலோரம் பூனைக்கு வீசாமல், வேகவைத்து வையுங்கள்.